காளத்தியின் மூன்றாம் எழுத்து

கரிச்சந்தை ஜங்ஷனில் ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் அன்று சாயங்காலமே ரயில் வண்டியாகிவிடுவார்கள். மாலை போடுவது, சுவர்க் கடிகாரம் கொடுப்பது, இன்ஸ்டிடியூட்டில் குஸ்கா போடுவது எல்லாம் மற்ற ஊர்களில் போலத்தான். பந்தி முடிந்து கை கழுவியதும், யார் என்ன வண்டி என்று வகை பிரிக்கிற வகைக்காரர் வருவார். நீளக் காம்பு போட்ட சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். கேட்டதை மஞ்சள் பெயிண்டால் மார்பில் எழுதுவார். பெயிண்ட் காய்வதற்குள் ஆள் வண்டியாகியிருப்பார். கடிகாரத்தை வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போவாள்.

என்ன வண்டி என்பதில்தான் குடும்பத்தின் தலையெழுத்து இருந்தது. எல்லோரும் எஞ்சின் ஆகிவிட முடியாது. சொந்தமாக இழுக்கத் தெம்பில்லாதவர்கள் பெட்டியாகவோ வேகனாகவோ போக வேண்டியதுதான். ஸ்டோர்ஸ் கிளார்க் வைகுண்டம் மூடிய வேகன் ஆனார். ஆளாக இருந்தபோதும் அவர் வாயைத் திறந்ததில்லை. சாராயத்தில் மிதந்த ஃபிட்டர் அந்தோணிமுத்து டேங்கர் ஆனார். அவருக்குள் இப்போது மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அதற்கும் அவர் முகம் சுளிப்பதில்லை. கேபினில் உட்கார்ந்து தண்டவாளத்தை மாற்றிவிடுகிற லீவரை இழுத்துக்கொண்டிருந்த காதர் பாட்சா, ரயிலின் கடைசியில் ஓடும் பிரேக் வேன் ஆனார். அவருடைய வேலை மனைவி ஜைத்தூனுக்கு வந்தது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவர் கேபினைக் கடந்து போவார். ஜைத்தூன் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே, "எப்பப் பாத்தாலும் கடைசியா வந்து நில்லு" என்று திட்டுவாள்.

எஞ்சின் ஆகிறவர்களுக்கு மூன்று எழுத்து. முதல் எழுத்து பாதையின் அகலம். தோள் அகன்றவர் டபிள்யூ, நடுத்தரம் ஒய், ஒல்லிப்பிச்சான்கள் இசட். இரண்டாம் எழுத்து உள்ளே எரிவது. நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருப்பவர் டி, டீசல். சும்மா இருந்து, தொட்டால் அடிப்பவர் ஏ, கரண்ட். இந்த இரண்டையும் ஆளைப் பார்த்தே அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் எழுத்துக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். எதை இழுக்கப்போகிறார் என்பது அது. எலும்பு டம்ளரைப் போல மெல்லிசாக நீளமாக ஒலித்தால் பி, பயணிகள் வண்டி. கோயில் மணியைப் போலக் கனமாக ஒலித்தால் ஜி, சரக்கு. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் எம், இரண்டு வண்டியையும் இழுக்கும்; அப்படி ஒரு காலை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மரக்கட்டையைத் தட்டினது போல 'டொக்' என்று நின்றுவிட்டால் எஸ். யார்டை விட்டு எங்கும் போகாமல் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளுகிற ஷண்டிங் எஞ்சின்.

பி வாங்கிய வீட்டில் சர்க்கரை கொடுப்பார்கள். எஸ் வாங்கிய வீட்டில் நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, கதவைச் சாத்திய பிறகு சந்தோஷப்படுவார்கள். தூக்கில் காப்பி எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே. ஜி வாங்கியவர்கள் மேற்கே, குகை லைனில் போவார்கள். மலைக்குள் போகிற அந்த ரயில் குகைக்குள் நுழைந்த ஜி ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. ஹாரன் சத்தம் மட்டும் சில மத்தியானங்களில் குகை வாயில் கேட்கும். உள்ளே போகிறவரின் சத்தமா, வெளியே வரப் பார்க்கிறவரின் சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எழுத்துகள் தவிர ஒரு குறியும் உண்டு. ரயில்வே காலனியில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எலும்பில் விரிசல் இருந்தால் வகைக்காரர் மஞ்சள் டப்பாவை மூடிவிட்டு வெள்ளை டப்பாவைத் திறப்பார். மார்பில் ஒரு பெருக்கல் குறி. குறி போட்டதை யார்டுக்குக் கிழக்கே இருக்கும் வெட்டுக்களத்துக்கு இழுத்துப் போய், காஸ் நெருப்பால் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அறுக்கிற நேரத்தில் காலனியில் எல்லா வீட்டிலும் மிக்ஸி ஓடும். அரைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் வெறும் ஜாரை ஓட்டுவார்கள்.

இந்த ஊரில் காளத்தி ரன்னிங் ரூம் சமையல்காரர். வெளியூர் டிரைவர்கள் வந்து தூங்கி, சாப்பிட்டு, அடுத்த வண்டிக்குக் கிளம்பிப் போகிற இடம் ரன்னிங் ரூம். அகன்ற தோள், எந்நேரமும் அடுப்புப் புகை. டபிள்யூ, டி இரண்டும் நிச்சயம் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காளத்திக்குத் தெரியும். ஓய்வு பெறுகிற வருஷம் பிறந்ததிலிருந்து அவர் தினமும் ஆள் இல்லாத நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார்க் கரண்டியால் தன் காலைத் தட்டிப் பார்த்து வந்தார். ஒவ்வொரு தடவையும் கோயில் மணிதான். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் பெயர் மங்கையர்க்கரசி. காலனியில் அரசி.

"ஜி தான் அரசி."

"நல்லாத் தட்டினீங்களா?"

"ரெண்டு காலையும் தட்டினேன். ரெண்டும் மணி."

அரசி முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் உருவிக்கொண்டே இருந்தாள். கீரை தீர்ந்த பிறகும் வெறும் காம்பை உருவினாள்.

"அந்தக் குகைக்குள்ள விளக்கு கிளக்கு இருக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கரண்டு போனாலே கத்துவீங்களேன்னு கேட்டேன்."

ஜைத்தூனிடம் வழி கேட்கலாம் என்று சொன்னது அரசிதான். கேபின் ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்கு வந்து போகிற அத்தனை வண்டியையும் பார்க்கிறவள் ஆயிற்றே. இருவரும் கேபினுக்குப் போனார்கள். ஜைத்தூன் முழுக்கக் கேட்டுவிட்டு, லீவரில் சாய்ந்தபடி யோசித்தாள்.

"இன்னாண்ணா, இதுக்குப் போயி இப்படி வேர்க்கறே? எலும்புக்குள்ள காத்து இருக்கறதாலதான் மணி மாதிரி அடிக்குது. உள்ள ஏதாச்சும் நெரப்பிட்டா 'டொக்'குனு நின்னுரும். எஸ் போட்டுருவாரு."

"எலும்புக்குள்ள எத நெரப்பறது?"

"கஞ்சிதான். சூடா குடிச்சா ரத்தத்துக்குப் போயிரும். ஆறவெச்சு, ஏடு கட்டுன பெறவு குடிக்கணும். குடிச்சிட்டுப் படுக்கக் கூடாது, நிக்கணும். அப்பத்தான் காலுக்கு எறங்கும்."

"எங்கூட்டுக்காரரு நிப்பாரா? சமைக்கறப்பவே முக்காலி கேப்பாரே" என்றாள் அரசி.

"நிக்கலேன்னா குகையில போயி நிக்கட்டும்."

காளத்தி நின்றார். வேறு எதையும் தொடாமல் ஆறின கஞ்சியைக் குடித்துவிட்டு, ரன்னிங் ரூம் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளாக ஆகக் கால் கனத்தது. தட்டினால் மணி தூரத்தில் அடிக்கிற மாதிரிக் கேட்டது. பிறகு அடுத்த தெருவில் யாரோ தட்டுகிற மாதிரிக் கேட்டது. கடைசியில் 'டொக்'. காளத்தி கரண்டியை வைத்துவிட்டு அழுதார். அப்போதே கஞ்சியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்த மனுஷன் இல்லையா? ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று ஓய்வு பெறுகிற அன்று காலையிலும் ஒரு சொம்பு குடித்து, பந்தி போடுகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

வகைக்காரர் ஸ்தனிஸ்லாஸ் சின்ன உருவம். யாரிடமும் அவருக்குக் கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. பஞ்சால் அடைத்து வைத்திருக்கும் காதுகளை வேலை நேரத்தில் மட்டும் திறப்பார். இன்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால், பழைய லைன் ஓரத்தில் காளத்தியை நிறுத்தினார்கள். அரசி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜைத்தூன் பக்கத்தில்.

"காலைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

தட்டினார். 'தொப்' என்றது.

மரத்தின் சத்தம் இல்லை அது. ஈரச் சாக்கு கீழே விழுந்த சத்தம். ஸ்தனிஸ்லாஸ் தலையைச் சாய்த்தார். இன்னொரு காலைத் தட்டினார். 'தொப்.' காளத்தி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மஞ்சள் டப்பாவை எடுத்து மூடியை இறுக்கியது. குஸ்கா சாப்பிட்டவர்களில் பின்வரிசையில் நின்றவர்கள் மெல்லக் கலைந்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள், மிக்ஸியைத் துடைத்து வைக்க.

"ஐயா, விரிசல் இல்லைங்க. கஞ்சிங்க" என்றார் காளத்தி.

"இருக்கலாம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "என் காதுல விழறதைத்தான் நான் எழுதறேன். கஞ்சின்னு ஒரு எழுத்து இல்லையே."

"வடிச்சிட்டு வரேங்க, இன்னொரு தடவ தட்டுங்க. தலைகீழா நின்னா வடிஞ்சிரும்."

"இன்னிக்கு ரிடையர் ஆனவரை இன்னிக்குத்தான் எழுதணும், காளத்தி. அசையாதீங்க. கோடு கோணலாப் போயிரும்."

வெள்ளைப் பெயிண்ட் மார்பில் குளிர்ந்தது. முதல் கோடு தோளிலிருந்து இடுப்புக்கு. இரண்டாவது அதன் குறுக்கே. காளத்திக்கு முதலில் விரல்கள் போயின, பிறகு கழுத்து. முதுகு நீண்டு பழைய லைன்மேல் இறங்கியது. அவர் எஞ்சினாகத்தான் ஆனார். நல்ல அகலமான எஞ்சின். ஆனால் உள்ளே எதுவும் ஓடவில்லை. பசி எடுக்கிற இடத்தில் ஒரு காலி டாங்கி இருந்தது. கண் தெரிந்தது, காது கேட்டது, பேச்சு மட்டும் முன்புறத்து இடிதாங்கியான பஃபர் வழியாகக் கரகரவென்று வந்தது.

"அரசி, மாலை குத்துது. எடுத்துரு" என்றார்.

யார்டு மாஸ்டர் வந்தார். குறி போட்டதை இருட்டுவதற்குள் வெட்டுக்களத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் இழுத்துப் போக எஞ்சின் கிடைக்கவில்லை. யார்டில் இருந்த எஸ்கள் எல்லாம் காளத்தி கையால் சாப்பிட்டவர்கள். ஒருவர் டீசல் தீர்ந்துவிட்டது என்றார். ஒருவர் பிரேக் பிடித்துக்கொண்டதாகச் சொல்லிப் புகையை விட்டார். மூன்றாமவர் மெதுவாகப் பின்னால் போய் ஷெட்டுக்குள் நுழைந்துகொண்டார். நாளைக்குக் காலையில் வெளியூரிலிருந்து ஒரு எஞ்சினை வரவழைத்துக்கொள்ளலாம் என்று யார்டு மாஸ்டர் முடிவு செய்தார். வெளியூர் எஞ்சினுக்கு யார் முகமும் தெரியாது.

அரசி கடிகாரத்தை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்தனிஸ்லாஸ் காதில் பஞ்சை வைக்கப் போனார். அவள் அவருக்கு முன்னால் போய்ப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி ஒரு காலை நீட்டினாள்.

"என்னையும் தட்டுங்க."

"நீங்க ரிடையர் ஆகலையேம்மா."

"வேலையிலயே யாரும் சேத்துக்கலைங்க, அப்புறம் எங்க ரிடையர் ஆறது? ஊருக்கே சமைக்கிறவருக்கு நான் சமைச்சுப் போட்டிருக்கேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு நாள் லீவு கெடையாது. இன்னிக்கு ரிடையர் ஆறேன்."

ஸ்தனிஸ்லாஸ் யோசித்தார். பெண்களைத் தட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஜைத்தூனைப் போல நாலைந்து பேர் இப்போதுதான் உத்தியோகத்தில் சேர்ந்திருக்கிறார்கள்; இன்னும் யாருக்கும் வயதாகவில்லை, அவ்வளவுதான்.

"மாலை போடணும்" என்றார்.

ஜைத்தூன் எஞ்சினின் பஃபரிலிருந்து மாலையைக் கழற்றி அரசியின் கழுத்தில் போட்டாள். குஸ்கா மிச்சம் இருந்தது. ஒரு வாய் ஊட்டிவிட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் தட்டினார். மணி அடித்தது. மணி அடங்கும் முன்னே அதற்கு மேலே டம்ளர் ஒலித்தது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு யார்டைச் சுற்றி வந்தன. காலனியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள் கூடவே ஒலித்தன. ஸ்தனிஸ்லாஸ் நெடுநேரம் கேட்டார். பிறகு மஞ்சள் டப்பாவைத் திறந்து, புடவைத் தலைப்பின்மேல் டபிள்யூ, டி, எம் என்று எழுதினார்.

பெயிண்ட் காய்ந்தபோது காளத்திக்கு முன்னால் நீளமாக ஒரு எஞ்சின் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் புடவையின் அரக்கு பார்டர் அப்படியே இருந்தது. உள்ளே டீசல் புகைந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அரசி" என்றார் காளத்தி.

"கேட்டா நீங்க பயந்திருப்பீங்க."

காளத்தி உண்மையாகவே பயந்தது அப்போதுதான். யார்டு மாஸ்டர் சிரித்த முகத்தோடு கைகளைத் தேய்த்துக்கொண்டு வருவதை அவர் பார்த்தார். ஓடுகிற எஞ்சின் ஒன்று யார்டில் கிடைத்துவிட்டது. அதற்கு முதல் வேலையும் காத்திருக்கிறது. அரசியின் பின் கொக்கியில் காளத்தியை மாட்டினார்கள். நட்டை இறுக்கியவன் பயணிகள் பெட்டியை மாட்டுகிற மாதிரி மரியாதையாகவே இறுக்கினான்.

"எங்க கூட்டிட்டுப் போவணும்?" என்றாள் அரசி.

"கெழக்கே. வெட்டுக்களத்துக்கு" என்றார் யார்டு மாஸ்டர்.

எஞ்சின் தன் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. தண்டவாளம் போகிற பக்கம்தான் போக வேண்டும். போகச் சொல்லிச் சிக்னல் இறங்கினால் நிற்கவும் முடியாது. சிக்னல் இறங்கியது. அரசி புறப்பட்டாள். காளத்தி பின்னால் உருண்டார். சக்கரம் ஒவ்வொன்றிலும் கஞ்சி குலுங்கியது.

"மெதுவாப் போ."

"மெதுவாத்தான் போறேன். எறக்கங்க. அதுவா இழுக்குது."

காலனியில் முதல் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு எல்லா வீட்டிலும். தூரத்தில் வெட்டுக்களத்தின் தகரக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிய இரண்டு பேர் காஸ் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பின் நுனி நீலமாக, ஊசி மாதிரி இருந்தது. காளத்தி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். எஞ்சினுக்கு இமை கிடையாது.

"அரசி, எனக்கு எங்கேர்ந்து வெட்ட ஆரம்பிப்பாங்க?"

"பேசாம வாங்க."

"தலைலேர்ந்துன்னா பரவால்ல."

கேபினைக் கடந்ததும் பாதை பிரிகிறது. ஒன்று கிழக்கே வெட்டுக்களம். இன்னொன்று வளைந்து மேற்கே குகை. கேபின் ஜன்னலில் ஜைத்தூன் இருந்தாள். யார்டிலிருந்து ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் லீவரைப் பிடித்தாள்.

"அண்ணா! கஞ்சி நாந்தானே சொன்னேன்! குகை பரவால்லியா?"

காளத்திக்கு யோசிக்க ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது. எதிரே நீல நெருப்பு. மேற்கே அந்தக் கறுத்த வாய். வருஷம் முழுக்க அவர் எதற்குப் பயந்து கஞ்சி குடித்து நின்றாரோ, அது.

"அவருக்குப் பரவால்ல" என்றாள் அரசி. "இழு!"

ஜைத்தூன் இழுத்தாள். தண்டவாளம் அரசியின் முன் சக்கரத்துக்குக் கீழே 'கடக்' என்று நகர்ந்தது. வளைவில் காளத்தியின் உடம்பெல்லாம் கிறீச்சிட்டது. பின்னால் யார்டு மாஸ்டர் சிவப்புக் கொடியோடு ஓடி வந்தார். கண்ணாடி மாட்டியவர்கள் நெருப்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காஸைச் சிக்கனம் பண்ண அணைத்தார்கள். மிக்ஸிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

குகைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் நின்றது. தன் சக்கரத்தின் சத்தம்கூடக் காளத்திக்குக் கேட்கவில்லை. இருட்டு சுவர் மாதிரி இருபுறமும் உரசியது. சில இடங்களில் அந்தச் சுவர் மூச்சு விட்டது. சுடச்சுட, டீசல் வாசனையோடு. முன்னால் போன ஜிகளில் யாரோ ஒருவர் பக்கத்து லைனில் நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. ஒருவர் இல்லை, நிறையப் பேர். அவர்கள் கைகாட்டிக்காகக் காத்திருக்கிறவர்கள் போல முன்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அரசி, இருக்கியா?"

"இருக்கேன்."

"கொக்கி இறுக்கமா இருக்குதா?"

"இருக்குது."

"கொஞ்சம் இழுத்துக் காட்டு."

அவள் லேசாக வெட்டி இழுத்தாள். கொக்கி 'நங்' என்றது. அப்புறம் அவர் கேட்கும்போதெல்லாம் இழுத்துக் காட்டினாள். அவர் நிறையத் தடவை கேட்டார்.

வெளிச்சம் திடீரென்று வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் விடிந்திருந்தது. அங்கே ஒரு ஜங்ஷன். பிளாட்பாரம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அரசியின் முன் சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறியதும் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் மெதுவாம்மா. நேத்துத்தான் ரிடையர் ஆகித் தண்டவாளமாப் படுத்தேன். முதுகு இன்னும் பழகல."

அரசி வேகத்தைக் குறைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் காளத்தி. "கரிச்சந்தையிலேர்ந்து வரோம். எனக்குக் குறி போட்டிருக்காங்க. இந்த ஊருல வெட்டுக்களம் எந்தப் பக்கம்ங்க?"

"வண்டியை வெட்டறதெல்லாம் இங்க இல்லீங்க" என்றது தண்டவாளம். "ஆளு பத்தலேன்னா, வர்ற வண்டியை உருக்கி எங்களோட நீட்டிக்குவாங்க. அவ்ளோதான்."

"இப்ப ஆளு பத்துதுங்களா?"

தண்டவாளம் அக்கம்பக்கத்தில் படுத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தது.

"சாயங்காலம் வரைக்கும் பத்தும்" என்றது.